குணமாகா நோயும் குன்றா வாழ்வும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டிச் செவிலிமேட்டில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக ஏழைப் பிள்ளைகளின் கையில் புத்தகத்தையும் நெஞ்சில் தன்மானத்தையும் வைத்து வளர்த்த சங்கத்தின் விழா இது. இளைஞர்களுக்குப் பயன்படும்படி விளையாட்டைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று பொறுப்பாளர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பொருளிலேயே யாரும் எளிதில் பேச முன்வராத ஒரு பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். ஓடியாடித் திரிந்த ஒரு விளையாட்டு வீரனுக்குக் குணமாக்க இயலாத புற்றுநோய் வந்துவிட்டால், அவன் எவ்வாறு வாழ்வது? அவனைச் சுற்றியுள்ள நாம் எவ்வாறு நடந்துகொள்வது? விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம். நோயைப் பற்றிப் பேச அஞ்சுவதனாலேயே நம் தெருக்களில் பலர் காலங்கடந்து மருத்துவமனைக்குச் செல்கின்றனர். வந்த நோயை மறைத்து வைத்துத் தனிமையில் வாடுகின்றனர். அறியாமையை நீக்குவது கல்விச் சங்கத்தின் கடமையாதலால், இந்தப் பேச்சும் இந்த மேடைக்கு உரியதே.

முதலில் சொற்களின் பொருளைத் தெளிவாக அறிந்துகொள்வோம். நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் வளர்வதற்கும் பிரிவதற்கும் மடிவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு கெட்டுச் சில உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். தோன்றிய இடத்திலேயே இருக்கும்போது கண்டறிந்துவிட்டால், அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றனுள் ஒன்றாலோ பலவற்றாலோ பல வகைப் புற்றுநோய்களை முற்றிலும் நீக்கிவிடலாம். இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டால், பெரும்பாலான வகைகளில் அதனை வேரோடு களைவது இயலாததாகிறது. அந்நிலையில்தான் மருத்துவர், இது குணமாகாது என்கிறார்.

குணமாகாது என்பதற்கு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது பொருளன்று. நோயின் வேகத்தைக் குறைக்கலாம், வலியை அடக்கலாம், உணவு இறங்கவும் உறக்கம் வரவும் வழி செய்யலாம், சிலருக்கு மாதங்களும், சில வகைகளில் ஆண்டுகளும் கிடைக்கின்றன. அந்த நாள்கள் சாவுக்குக் காத்திருக்கும் நாள்களா, வாழும் நாள்களா என்பதே கேள்வி. அதற்கு விடை மருந்தில் பாதியும் மனிதரிடத்தில் பாதியுமாக இருக்கிறது.

எல்லா நோயாளிகளுக்கும் துன்பம் உண்டு. எனினும் விளையாட்டு வீரனுக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. அவன் தன் உடலைக் கொண்டே தன்னை அறிந்தவன். எத்தனை அடி தாண்டுவோம், எவ்வளவு நேரம் மூச்சடக்குவோம் என்று தன் உடலின் கணக்கைத் துல்லியமாக வைத்திருந்தவன். முற்றிய புற்றுநோய் முதலில் கைவைப்பது அந்தக் கணக்கில்தான். தசை கரைகிறது. வேண்டிய அளவு உண்டாலும் அந்தக் கரைவு எளிதில் நிற்பதில்லை. நோயே உடலின் இயக்கத்தை மாற்றிவிடுவதால் நேர்வது அது. சோறு உண்ணாமல் இளைத்துப் போனான் என்று வீட்டார் அவனைக் கடிந்துகொள்வது பொருந்தாது.

நம் சமூகத்தில் இத்துன்பம் இன்னும் ஒருபடி ஆழமானது. நிலமும் முதலும் இல்லாத மக்களுக்கு உடலே மூலதனம். ஏர் பிடித்ததும் தறியில் அமர்ந்ததும் செங்கல் சுமந்ததும் இந்த உடல்தான். பெயர் சொல்லி அழைக்கக்கூட மனமில்லாத ஊரில், கபடிக் களத்திலும் ஓட்டப் பந்தயத்திலும் பெற்ற வெற்றியால்தான் நம் இளைஞர் பலர் முதன்முதலில் மாலை மரியாதை பெற்றனர். அந்த மரியாதையைத் தேடித் தந்த உடல் தளரும்போது, மரியாதையும் உடன் போய்விடும் என்று அவன் அஞ்சுகிறான். அந்த அச்சம் பொய்யென்று காட்ட வேண்டியவர்கள் நாம்.

இளைஞர்களே! உங்களுக்கு ஓர் உண்மை வரலாற்றைக் கூற விரும்புகிறேன். நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் மணிப்பூர் மாநிலம் உள்ளது. அங்கே இம்பால் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த செக்தா என்னும் சிற்றூரில் 1979-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் ஒரு வறிய குடும்பத்தில் பிறந்தவர் டிங்கோ சிங். வறுமையின் காரணமாக அநாதை இல்லத்தில் வளர்ந்தார். இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சித் திட்டத்தில் இடம் பெற்றுக் குத்துச்சண்டை கற்றார். பின்னர் இந்தியக் கடற்படையில் பணியாற்றினார். பணத்துக்காக அடித்துக்கொள்ளும் குத்துச்சண்டையன்று அவருடையது. நாட்டுக்காக ஆடும் அமெச்சூர் குத்துச்சண்டை.

1998-ஆம் ஆண்டு டிசம்பரில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. முதலில் இந்திய அணியின் பட்டியலில் டிங்கோவின் பெயர் இல்லை. பின்னரே சேர்க்கப்பட்டார். சென்றவர் 54 கிலோ எடைப் பிரிவில் ஒருவர் பின் ஒருவராக வென்று, இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் தைமூர் துல்யாகோவையும் வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்றார். 1982-இல் தில்லியில் கவுர் சிங் பெற்ற தங்கத்திற்குப் பின், பதினாறு ஆண்டுகள் கழித்துக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த ஆசியத் தங்கம் அது. அர்ஜுனா விருதும், 2013-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. அவரது வெற்றியைக் கண்டுதான் தாமும் குத்துச்சண்டைக்கு வந்ததாகக் கூறியவர் மேரி கோம். ஆறு முறை உலகப் பட்டம் வென்று, 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்ற அந்த மணிப்பூர்ப் பெண்மணியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்.

இத்தகைய உடலுரம் கொண்ட டிங்கோவுக்கு 2017-ஆம் ஆண்டு கல்லீரலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 38. அறுவை சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் நடைபெற்றன. இம்பாலுக்கும் தில்லிக்கும் இடையே அலைந்தார். சிகிச்சைச் செலவுக்காக வீட்டையே விற்க நேர்ந்தது என்று அக்காலத்தில் செய்தித்தாள்கள் எழுதின. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில், நாடே ஊரடங்கில் முடங்கியிருந்தபோது, கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக அவரை மருத்துவ விமானத்தில் தில்லிக்குக் கொண்டுசென்றனர். மஞ்சள் காமாலை கண்டதால் அந்தச் சிகிச்சையைத் தர இயலவில்லை. ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தொலைவைச் சாலை வழியே நோயாளி ஊர்தியில் கடந்து ஊர் திரும்பினார். திரும்பியதும் கொரோனாத் தொற்று அவரைப் பற்றியது. புற்றுநோயால் நலிந்த உடலோடு அந்தத் தொற்றிலிருந்து மீண்டெழுந்தார். எனினும் புற்றுநோய் அகலவில்லை. 2021 ஜூன் 10-ஆம் நாள், 42-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை மூன்று. ஒன்று, உடற்பயிற்சி செய்பவனுக்குப் புற்றுநோயே வராது என்னும் நம்பிக்கை தவறு. உடலுழைப்பும் பயிற்சியும் பெருங்குடல், மார்பகம் முதலிய சிலவகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன என்பது உண்மை. குறைக்கின்றனவேயன்றி அறவே தடுப்பதில்லை. ஆகவே நன்றாக ஆடுகிறேனே, எனக்கு என்ன வரும் என்று உடல் தரும் அறிகுறிகளைப் புறக்கணிக்க வேண்டாம். இரண்டு, நோய் வந்தது வீரனின் குற்றமன்று. மூன்று, நோயின் முடிவை வைத்து அவனது வாழ்வை அளக்கலாகாது. டிங்கோ நோயிடம் தோற்றார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. நோய் எதிரே நிற்கும் ஆட்டக்காரன் அன்று. அதற்கு விதியும் இல்லை, நடுவரும் இல்லை. விதியில்லாத இடத்தில் வெற்றி தோல்வி ஏது? நோயாளி இறந்தால் அவன் போராடாமல் விட்டுவிட்டான் என்று எண்ணுவது அவனுக்குச் செய்யும் அநீதி.

கடல் கடந்து ஒரு சான்று கூறுகிறேன். கனடா நாட்டில் டெர்ரி ஃபாக்ஸ் என்னும் கல்லூரி மாணவர் கூடைப்பந்து ஆடிவந்தார். 1977-ஆம் ஆண்டு, பதினெட்டாம் வயதில், எலும்பில் தோன்றிய புற்றுநோயால் அவரது வலக்காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தனர். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு ஓடப் பயின்றார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 1980 ஏப்ரல் 12-ஆம் நாள் அந்நாட்டின் கிழக்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, நாளொன்றுக்கு ஒரு மராத்தான் தொலைவாகிய 42 கிலோமீட்டர் அளவுக்கு ஓடினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, செப்டம்பர் முதல் நாள் மூச்சுத் திணறி நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மேற்குக் கடற்கரையை அவர் எட்டவேயில்லை. 1981 ஜூன் 28-ஆம் நாள், 23 வயது நிறையுமுன் காலமானார். அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் மக்கள் ஓடி நிதி திரட்டுகின்றனர்.

டெர்ரி ஃபாக்ஸைப் போல ஒவ்வொரு நோயாளியும் ஓட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எதிர்பார்ப்பது கொடுமை. நோய் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். பத்தடி நடந்து வாசல் திண்ணையில் வந்து அமர்வதே ஒருவனுக்கு அன்றைய மராத்தான் ஓட்டமாக இருக்கலாம். அந்தப் பத்தடியையும் மதிக்கக் கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

மருத்துவம் இதுபற்றி என்ன கூறுகிறது? புற்றுநோயாளி படுத்தே கிடக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். 2019-ஆம் ஆண்டு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு பல நாட்டு வல்லுநர்களைக் கூட்டி ஆராய்ந்து, வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு முப்பது நிமிட அளவில் மிதமான பயிற்சி செய்வது புற்றுநோயாளியின் களைப்பு, மனக்கவலை, சோர்வு ஆகியவற்றைக் குறைக்கும் என்று கூறியது. நோய் முற்றியவர்க்கு அந்த அளவு இயலாமற் போகலாம். அவரவர் இயன்ற அளவே அளவு. ஆனால் ஓர் எச்சரிக்கை. எலும்புக்கு நோய் பரவியிருந்தால் சிறு அதிர்ச்சியிலும் எலும்பு முறியக்கூடும். ஆகவே எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை மருத்துவரிடமும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமும் கேட்டே செய்ய வேண்டும். பழைய ஆட்டக்காரனுக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. பயிற்சியாளர் சொற்படி நடப்பதும், இன்று இவ்வளவு போதும் என்று நிறுத்துவதும், ஓய்வையும் பயிற்சியின் பகுதியாகக் கொள்வதும் அவன் களத்திலேயே கற்றவை.

அடுத்தது வலி. முற்றிய புற்றுநோயில் பலருக்குக் கடும் வலி உண்டாகிறது. ஆண்மகன் வலியைப் பொறுக்க வேண்டும் என்றும், ஆட்டக்காரன் அடிபட்டும் ஆடுபவன் என்றும் சொல்லி அவனை வாய்மூடச் செய்கிறோம். களத்தில் பட்ட அடி பத்து நாளில் ஆறும். இந்த வலி ஆறாது; பொறுத்துக்கொண்டால் கூடுமேயன்றிக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் 1986-ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் வலியைப் படிப்படியாக மருந்து கொடுத்து அடக்கும் முறையை வெளியிட்டது. அதன் மேற்படியில் உள்ள மருந்து மார்ஃபின். மருத்துவர் அளவறிந்து கொடுக்கும்போது, நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்னும் அச்சம் தேவையற்றது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் மருந்து தருவார்கள். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் இம்மருந்து நோயாளிக்குக் கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆகவே வலிக்கு மருந்து கேட்பது பிச்சையன்று, உரிமை என்று உணருங்கள்.

வலியையும் மூச்சுத் திணறலையும் மனத் துயரையும் தணிக்கும் இந்த மருத்துவத்தை ஆதரவுச் சிகிச்சை என்கிறோம். இறுதி நாளில்தான் இதனை நாட வேண்டும் என்று எண்ணாதீர்கள். 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உடைய 151 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்கள் மனநலத்தோடு வாழ்ந்ததுமன்றி, மற்றவரைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தனர். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றி நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பியது. தொண்டர்களில் பலர் மருத்துவர்கள் அல்லர். உங்களைப் போன்ற இளைஞர்களும் இல்லத்தரசிகளும்தான். 2008-இல் அம்மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. நம் மாநிலத்திலும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், வீடு தேடிச் சென்று ஆதரவுச் சிகிச்சையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் அளிப்பது சேர்க்கப்பட்டது.

நம் ஊருக்கும் இந்நோய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. காஞ்சி தந்த அறிஞர் அண்ணா இந்நோய்க்கு ஆளாகி, 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை பெற்றுத் திரும்பினார். நோயோடேயே முதலமைச்சர் பொறுப்பில் இருந்தார். 1969 ஜனவரி 14-இல் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்ததைக் கண்டார். அடுத்த மாதம் 3-ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை நமக்கு அருகே காரப்பேட்டையில் இருக்கிறது. சென்னை அடையாற்றில், தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளது. வெளியூர்க்காரர்கள் பேருந்து மாறி வந்து சேரும் காரப்பேட்டைக்கு, அருகிலிருக்கும் நம்மவர்கள் செல்லத் தயங்குவது எதனால்? அங்கே போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்னும் வெட்கத்தால்தான். அந்த வெட்கத்தைப் போக்குவதற்கே இவ்வளவும் பேசுகிறேன்.

இனி நம்மிடையே வாழும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் தெருவும் சொல்லேன். அவரது இசைவு பெற்றே பேசுகிறேன். என்னிடம் பயின்றவர். பாலாற்று மணலில் சடுகுடு ஆடிப் பழகி, பின்பு பல ஊர்ப் பந்தயங்களில் பாடிச் சென்று புள்ளி பெற்றவர். பிழைப்புக்குக் கூலித்தறி நெய்தார். பெருங்குடலில் தோன்றிய நோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகே கண்டறியப்பட்டது. மருந்துச் சிகிச்சை பெற்று வருகிறார். நோய் முற்றிலும் நீங்காது என்பதை மருத்துவர் மறைக்காமல் கூறிவிட்டார். ஒருநாள் அவரைப் பார்க்கச் சென்றபோது, வலி எப்படியிருக்கிறது தம்பி என்று கேட்டேன். “வலிக்கு மாத்திரை இருக்கிறது சார். வேறொன்றுதான் பொறுக்க முடியவில்லை” என்றார். உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் அவருக்கு மட்டும் தனிக் குவளையில் தேநீர் கொடுத்தார்களாம்.

தாய்மார்களே, பெரியோர்களே! தனிக் குவளை என்றால் என்னவென்று இந்த உலகில் யாருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும். தேநீர்க் கடைகளில் நம் தாத்தாவும் தந்தையும் எந்தக் குவளையில் குடித்தார்கள் என்பது நமக்கு மறக்காது. அதே குவளையை நம் வீட்டில், நம் கையால், நம் பிள்ளைக்கு நீட்டலாமா? புற்றுநோய் தொற்றுநோய் அன்று. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டால் பற்றாது, நோயாளியின் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் வராது. கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்கு வித்தாகும் கிருமிகள் உண்டு. அவையும் தேநீர்க் குவளையால் பரவுவன அல்ல. சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் நாள்களில் நம்மிடமுள்ள சளியும் காய்ச்சலும் அவருக்குத் தொற்றிவிடக்கூடும் என்பதே உண்மை. காக்கப்பட வேண்டியவர் அவர்.

முற்பிறவிப் பாவம் என்றும் செய்த வினை என்றும் பேசுவோரும் உண்டு. நம் பிறப்பை இழிவென்று கூறியவர்கள் காட்டிய காரணமும் இதே முற்பிறவிக் கணக்குத்தான். நமக்கெதிராக எழுதிய அந்தப் பொய்க் கணக்கை ஏற்க மறுத்து எழுந்த சமூகம், அதனை ஒரு நோயாளியின் தலையில் எழுதுவது முறையாகுமா? புகையிலை, குட்கா, மது ஆகியவை வாய், தொண்டை, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றில் இந்நோயை விளைவிக்கும் என்பது மெய். இளைஞர்கள் அவற்றை இன்றே விட்டொழிக்க வேண்டும். ஆனால் அந்த அறிவுரையைச் சொல்ல வேண்டிய இடம் பள்ளிக்கூடமும் இந்த மேடையுமே. படுக்கையில் கிடப்பவனின் தலைமாட்டில் நின்று சொல்வது அறமன்று.

அந்தத் தம்பி இன்னொன்றும் கூறினார். முன்பெல்லாம் எந்த ஊரில் பந்தயம் நடந்தாலும், பையன்கள் இரவிலேயே வந்து ஆட்டக் கணக்கை அவரிடம் சொல்வார்களாம். நோய் தெரிந்த பிறகு ஒருவரும் வருவதில்லையாம். “ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள் சார். பேசாததுதான் வருத்தம்” என்றார். அவர் சொன்னதை நம் அணியின் பிள்ளைகளிடம் கூறினேன். இப்போது மாலைகளில், அவருக்கு இயன்ற நாள்களில், களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்த்துகிறார்கள். யார் கால் முந்தியது, யார் கோட்டைத் தொட்டது என்று அவர் சொல்வதே தீர்ப்பு. பிடிக்க வருபவனின் தோளைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று அவர் சொல்லிக் கொடுத்ததை இன்று மூன்று பையன்கள் செய்து காட்டுகிறார்கள். அவர் நோய் இதனால் குறைந்துவிடவில்லை. சில நாள் நாற்காலி வெறுமையாகவே இருக்கிறது. எனினும் அந்த நாற்காலியை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா என்று பலர் என்னைக் கேட்கின்றனர். உண்மையைச் சொன்னால் உயிரை விட்டுவிடுவான் என்று வீட்டார் மறைக்கிறார்கள். தெரிந்துகொண்ட அவனோ, வீட்டார் தாங்கமாட்டார்கள் என்று மறைக்கிறான். ஒரே வீட்டில் இருவரும் நடிக்கிறார்கள். மகளின் படிப்பைப் பற்றியும், கடனைப் பற்றியும், மனைவியின் பெயருக்கு மாற்ற வேண்டியவற்றைப் பற்றியும் பேசித் தீர்க்க வேண்டிய நாள்கள் வீணாகின்றன. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாய் என்று அவனையே மெல்லக் கேளுங்கள். கேட்ட அளவுக்குப் பொய் கலவாமல் சொல்லுங்கள். தன் உடலைப் பற்றிய செய்திக்கு முதல் உரிமையாளன் அவனே.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. முதல் மூன்றும் நம் கையில் இல்லை. நான்காவது நாம்தான். நம் ஊரின் பெயரிலேயே செவிலி என்னும் சொல் நிற்கிறது. பெயர்க் காரணம் எதுவாயினும், அச்சொல்லின் பொருளுக்கு ஏற்ப நடந்துகொள்வது நம் கையில் இருக்கிறது.

ஆகவே இந்த வெள்ளிவிழா நாளில் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நோயுற்றவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது. தந்தைக்கு நோய் என்றால், மூத்த மகனைத் தறிக்கும் மகளைத் துணிக்கடைக்கும் அனுப்புவதை நான் பள்ளியில் ஆண்டுதோறும் காண்கிறேன். நோய் ஒருவருக்கு, அதன் விலையை அடுத்த தலைமுறை முழுவதும் செலுத்துகிறது. சங்கத்தின் உதவித்தொகையில் இத்தகைய பிள்ளைகளுக்கு முதலிடம் தர வேண்டுகிறேன்.

இரண்டாவது, படித்த இளைஞர்கள் இருவர் இருவராகப் பொறுப்பேற்று, நோயாளியுடன் மருத்துவமனைக்குச் சென்று வர வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணத்தில் உள்ள சலுகையைப் பெற்றுத் தருவதும் உங்களால் இயலும். நீங்கள் பெற்ற கல்விக்கு அதைவிட நல்ல பயன் வேறில்லை.

மூன்றாவது, உடல் வலிமையுள்ள நம் ஆட்டக்காரர்கள் அனைவரும் முறையாக இரத்த தானம் செய்ய வேண்டும். மருந்துச் சிகிச்சை பெறுவோர் பலருக்கு இரத்தம் தேவைப்படுகிறது.

நான்காவது, பணமே வேண்டாத உதவி. வாரத்தில் ஒரு மாலை, நோயாளியின் வீட்டுக்குச் சென்று அவருடன் அமருங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேசாமலே இருங்கள். ஆட்டக்காரராயின் ஆட்டத்தைப் பேசுங்கள். கொடுக்கும் தேநீரை அவர் குடிக்கும் அதே வகைக் குவளையில் வாங்கிக் குடியுங்கள்.

இளைஞர்களே! உங்கள் கால்களில் இன்று வலிமை இருக்கிறது. அதனைப் போற்றுங்கள், பயிலுங்கள், வெல்லுங்கள். அந்த வலிமை நம் ஒருவருக்கும் நிலையானதன்று. அது குறைந்த நாளிலும் மனிதன் குறைவதில்லை என்னும் உறுதியை ஒருவருக்கொருவர் அளிப்பதற்காகவே சமூகம் என்று ஒன்று கூடி வாழ்கிறோம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் எத்தனை பட்டதாரிகளை உருவாக்கியது என்று எண்ணுவார்கள். எத்தனை நோயாளிகளைத் தனியே விடாமல் காத்தது என்றும் எண்ணும்படி நாம் நடந்துகொள்வோமாக.